கல்லாறு வரை வரும் ஒளி

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், வாமனபுரம் ஆற்றுக்கு நீர் தரும் கல்லாற்றின் கரையில் அதே பெயருடைய சிற்றூர் அமைந்துள்ளது. இதற்கு அப்பால் 22 கொண்டை ஊசி வளைவுகளும் காடும் தேயிலைத் தோட்டங்களும்தான் என்பதால், நகரத்தின் வசதிகளில் பலவும் இந்த எல்லையோடு நின்றுவிடுவது நெடுங்கால வழக்கம். ஆயினும் மின்கம்பங்களில் மின்கம்பிகளுக்குக் கீழே கறுப்பு உறையிட்ட ஒளியிழை வடங்கள் செல்வது கேரளத்தின் மலையடிவாரங்களிலும் இப்போது பழகிப்போன காட்சியாகிவிட்டது. 2023 ஜூன் 5 அன்று மாநில அரசு தொடங்கிவைத்த கே-ஃபோன் திட்டம், மாநில மின்வாரியத்தின் கம்பங்களையும் கோபுரங்களையும் பயன்படுத்தியே தன் வடங்களைக் கொண்டுசெல்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைய இணைப்பும், ஏறத்தாழ 30,000 அரசு அலுவலகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் அதிவேக இணைப்பும் தருவது அதன் அறிவிக்கப்பட்ட இலக்கு. வடத்தையும் கம்பத்தையும் வழியில் செல்வோர் எவரும் காணலாம். ஆனால் அந்த இழைக்குள் ஓடும் ஒளியை உண்டாக்கும் பொருள், நீளத்தில் அரை மில்லிமீட்டரைக்கூட எட்டாத ஒரு படிகத் துண்டு. அது பெட்டிக்குள் பெட்டியாக மூடப்பட்டிருப்பதாலும், அது உமிழும் ஒளி மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு வகையைச் சேர்ந்தது என்பதாலும், பெரும்பாலோர் அதன் இருப்பையே அறிவதில்லை. குறைகடத்தி டையோடு லேசர் என்று வழங்கப்படும் அந்தப் படிகத் துண்டின் இயக்கத்தை விளங்கிக்கொள்ள, எலக்ட்ரான்களிலிருந்து தொடங்குவதே முறை.

திண்மப் பொருள் ஒன்றில் எலக்ட்ரான்கள் தாம் விரும்பிய ஆற்றலையெல்லாம் பெற்றுவிட முடியாது. அவை இருக்கத்தக்க ஆற்றல் நிலைகள் நெருக்கமாகத் திரண்டு பட்டைகளாக அமைகின்றன. அணுக்களோடு பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரான்கள் நிறைந்த கீழ்ப் பட்டை இணைதிறன் பட்டை எனவும், எலக்ட்ரான்கள் தடையின்றி உலவக்கூடிய மேல் பட்டை கடத்துபட்டை எனவும் பெயர் பெறும். இவ்விரண்டுக்கும் நடுவே எந்த எலக்ட்ரானும் தங்க இயலாத ஆற்றல் இடைவெளி ஒன்று உண்டு. உலோகங்களில் அது இல்லை, கண்ணாடி போன்ற காப்புப் பொருள்களில் அது மிகப் பெரிது, குறைகடத்திகளில் நடுத்தரமானது. கீழ்ப் பட்டையிலிருந்து எலக்ட்ரான் ஒன்று அகன்றால் அவ்விடத்தில் ஏற்படும் காலியிடம் நேர்மின்சுமை கொண்ட துகளைப் போலவே நடந்துகொள்வதால் அதனைத் துளை என்பர். மேல் பட்டையில் உள்ள எலக்ட்ரான் கீழே இறங்கித் துளையை நிரப்பும்போது, இடைவெளிக்குச் சமமான ஆற்றல் வெளிப்பட்டாக வேண்டும்; அது ஃபோட்டான் எனப்படும் ஒளித்துகளாக வெளிப்பட்டால் பொருள் ஒளிர்கிறது.

எல்லாக் குறைகடத்திகளும் இவ்வாறு ஒளிர்வதில்லை. கணினிச் சில்லுகளின் அரசனாகிய சிலிக்கானில், கடத்துபட்டையின் அடிமட்டத்தில் உள்ள எலக்ட்ரானுக்கும் இணைதிறன் பட்டையின் உச்சியில் உள்ள துளைக்கும் உந்தம் பொருந்துவதில்லை; ஆகவே படிக அதிர்வின் துணையின்றி அவை இணைய முடியாமல், ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. காலியம் ஆர்சனைடு, இண்டியம் பாஸ்பைடு போன்ற கூட்டுக் குறைகடத்திகளில் அந்தப் பொருத்தம் இயல்பாகவே அமைந்திருப்பதால், டையோடு லேசரின் வரலாறு முழுவதும் அவற்றைச் சுற்றியே நடந்திருக்கிறது. உமிழப்படும் ஒளியின் நிறத்தையும் இடைவெளியே முடிவு செய்கிறது: 1240 என்ற எண்ணை எலக்ட்ரான்-வோல்ட் அலகில் உள்ள இடைவெளியால் வகுத்தால் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும். காலியம் ஆர்சனைடின் இடைவெளி 1.42 எலக்ட்ரான்-வோல்ட் என்பதால் அதன் ஒளி 870 நானோமீட்டரை ஒட்டி, சிவப்புக்கு அப்பால் அமைகிறது.

எலக்ட்ரான் மிகுந்த குறைகடத்திப் பகுதியையும் துளை மிகுந்த பகுதியையும் ஒரே படிகத்தில் அடுத்தடுத்து அமைத்தால் அவை சந்திக்கும் இடம் சந்தி எனப்படும். இத்தகைய சந்தி கொண்ட கருவியே டையோடு. உரிய திசையில் மின்னோட்டம் செலுத்தினால் இருபுறத்திலிருந்தும் எலக்ட்ரான்களும் துளைகளும் சந்திக்குள் வந்து இணைகின்றன. எல்இடி விளக்கில் நிகழ்வது இவ்வளவே. அங்கு ஒவ்வோர் இணைவும் தன்போக்கில், தனக்குத் தோன்றிய நேரத்தில், தோன்றிய திசையில் ஃபோட்டானை உமிழ்கிறது. லேசருக்கு இது போதாது. உரிய ஆற்றலுடைய ஃபோட்டான் ஒன்று அருகில் கடந்து செல்லும்போது, அதே அலைநீளமும் அதே திசையும் அதே அலைக்கட்டமும் கொண்ட மற்றொரு ஃபோட்டானை உமிழுமாறு எலக்ட்ரான் தூண்டப்படும் என்று ஐன்ஸ்டைன் 1917இல் காட்டிய தூண்டப்பட்ட உமிழ்வே லேசரின் அடிப்படை. ஆனால் அதே ஃபோட்டான், கீழ்ப் பட்டையில் உள்ள எலக்ட்ரானால் விழுங்கப்படவும் கூடும். எனவே விழுங்குவோரைவிடத் தருவோர் மிகுந்திருக்க வேண்டும். சந்தியின் மேல் பட்டையில் எலக்ட்ரான்களும் கீழ்ப் பட்டையில் துளைகளும் அந்த அளவுக்குக் குவிந்திருக்க வேண்டும். இயல்பான சமநிலைக்கு நேர்மாறான இந்த நிலைக்கு எண்ணிக்கைத் தலைகீழாக்கம் என்று பெயர். அது குறைகடத்தியில் எப்போது கைகூடும் என்பதை பிரான்சின் மோரிஸ் பெர்னாரும் ஜார்ஜ் துராஃபூரும் 1961இல் வகுத்தனர். அவர்களுடைய நிபந்தனையை எளிமையாகச் சொல்வதானால், சந்தியின் இருபுறமும் நிலவும் மின்னழுத்தம், வெளிவரும் ஃபோட்டானின் எலக்ட்ரான்-வோல்ட் எண்ணை விஞ்ச வேண்டும். ஒன்றிரண்டு வோல்ட் போதும் என்பதே இதன் பொருள். மாணிக்கக் கல் லேசருக்குக் கண்ணைப் பறிக்கும் பளிச்சொளி விளக்கும், ஹீலியம்-நியான் லேசருக்கு ஆயிரக்கணக்கான வோல்ட்டும் தேவைப்பட்ட காலத்தில் இது அசாதாரணமான செய்தி.

இரண்டாவது தேவை, பிறந்த ஒளியைத் திரும்பத் திரும்ப அதே பகுதிக்குள் செலுத்தும் கண்ணாடிகள். இங்குக் குறைகடத்திக்கு வாய்த்த நற்பேறு ஒன்று உண்டு. காலியம் ஆர்சனைடின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 3.5 ஆக இருப்பதால், அதன் வெறும் முகப்பே தன்மீது படும் ஒளியில் சுமார் 30 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. படிகத்தை அதன் இயல்பான தளத்தில் பிளந்தால் அணு அளவில் வழவழப்பான, ஒன்றுக்கொன்று இணையான இரு முகப்புகள் தாமே கிடைக்கின்றன. எதிரொளிப்பு 30 விழுக்காடே என்பது குறைபாடாகத் தோன்றலாம். ஆனால் சில நூறு மைக்ரோமீட்டர் தொலைவுக்குள் ஒளி பன்மடங்கு பெருகிவிடுவதால் அதுவே போதுமாகிறது. மின்னோட்டத்தை மெல்ல உயர்த்திக்கொண்டே போகும்போது, முகப்புகள் வழியே வெளியேறுவதாலும் படிகத்துக்குள் விழுங்கப்படுவதாலும் நேரும் இழப்பைப் பெருக்கம் ஈடுகட்டும் ஒரு புள்ளி வருகிறது. தொடக்க மின்னோட்டம் எனப்படும் அப்புள்ளிக்குக் கீழே டையோடு வெறும் எல்இடிதான். அதைத் தாண்டிய பிறகு செலுத்தும் மின்னோட்டத்தின் பெரும்பகுதி லேசர் ஒளியாகவே மாறுகிறது.

இந்தக் கருத்துகள் கருவியான கதை வியப்பூட்டும் வேகத்தில் நடந்தது. 1962 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்த மாநாட்டில், காலியம் ஆர்சனைடு டையோடுகள் மிகுந்த திறனோடு ஒளிர்வதாக எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தினர் தெரிவித்தனர். அதைக் கேட்ட ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ராபர்ட் ஹால், வீடு திரும்பும் ரயிலிலேயே கணக்குகளைப் போட்டுப் பார்த்து, செப்டம்பரில் உலகின் முதல் டையோடு லேசரை இயக்கிவிட்டார். இளமையில் தொலைநோக்கி செய்து பழகிய அவர், படிகத்தின் முகப்புகளை மெருகேற்றிக் கண்ணாடியாக்கும் வழியைத் தேர்ந்தார். சில வாரங்களுக்குள் ஐபிஎம் நிறுவனமும் லிங்கன் ஆய்வகமும் தத்தம் லேசர்களை அறிவித்தன. ஜெனரல் எலக்ட்ரிக்கின் மற்றோர் ஆய்வகத்தில் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியையே எழுப்பிக் காட்டினார். ஆனால் இவை அனைத்தும் திரவ நைட்ரஜனில், அதாவது உறைநிலைக்கு 196 பாகை கீழே, நொடியின் சிறு துணுக்கு நேரம் மட்டும் துடித்து அணைந்தவை. அறை வெப்பத்தில் அவற்றை இயக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பல்லாயிரம் ஆம்பியர் மின்னோட்டம் தேவைப்பட்டது. அந்த வெப்பத்தைத் தாங்கித் தொடர்ந்து ஒளிர எந்தப் படிகத்தாலும் இயலாது.

குறை எங்கே என்பது விரைவிலேயே தெளிந்தது. சந்தி முழுதும் ஒரே பொருளால் ஆனபோது, உட்செலுத்தப்பட்ட எலக்ட்ரான்கள் வரப்பில்லாத வயலில் பாய்ச்சிய நீரைப் போல அகலப் பரவி, எங்குமே போதிய அடர்த்தியை எட்டவில்லை. ஒளியும் சந்தியை விட்டு விலகிச் சென்று விழுங்கப்பட்டது. இடைவெளி சிறிதான மெல்லிய அடுக்கு ஒன்றை, இடைவெளி பெரிதான வேறு பொருளின் இரு அடுக்குகளுக்கு நடுவே வைத்தால் எலக்ட்ரான்களும் துளைகளும் அந்த அடுக்குக்குள்ளேயே சிறைப்படும் என்று 1963இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் குரோமரும், சோவியத் ஒன்றியத்தில் ஷோரெஸ் அல்ஃபெரோவும் ருடால்ஃப் கசாரினோவும் தனித்தனியே முன்மொழிந்தனர். இரட்டை வேற்றுச்சந்தி எனப்படும் இவ்வமைப்பில் மற்றொரு பயனும் தானாகவே சேர்ந்து வந்தது: இடைவெளி சிறிதான பொருளுக்கு ஒளிவிலகல் எண் மிகுதி என்பதால், கண்ணாடி இழைக்குள் ஒளி தங்குவது போலவே இந்த அடுக்குக்குள்ளும் ஒளி தங்கிவிடுகிறது. இவ்வளவு அழகிய கருத்தை, நடைமுறைப் பயன் இராது என்று சொல்லி, குரோமரின் நிறுவனம் அவரை மேற்கொண்டு ஆராய விடவில்லை. அவருடைய கட்டுரையை முதலில் பெற்ற இதழும் வெளியிட மறுத்தது. பயன் தெரிந்த பிறகே ஆய்வுக்குப் பணம் என்று கேட்கும் நிர்வாகங்கள் இந்த நிகழ்ச்சியை அவ்வப்போது நினைத்துப் பார்ப்பது நல்லது.

கருத்து படிகமாவதற்கு ஏழு ஆண்டுகள் பிடித்தன. இரு வேறு பொருள்களை அணு அடுக்குகள் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்க்க வேண்டுமாயின் அவற்றின் அணுக்களிடைத் தொலைவுகள் பொருந்த வேண்டும். காலியம் ஆர்சனைடுக்கும் அலுமினியம் ஆர்சனைடுக்கும் அந்த வேறுபாடு ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு என்பது இயற்கை தந்த சலுகை. 1970இல் லெனின்கிராடில் அல்ஃபெரோவின் குழுவும், சில வாரங்கள் கழித்து அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இசுவோ ஹயாஷியும் மார்ட்டன் பானிஷும் அறை வெப்பத்தில் இடைவிடாது ஒளிரும் லேசர்களை உருவாக்கினர். தொடக்க மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு ஓரிரு ஆயிரம் ஆம்பியர் என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. அவையும் சிறிது நேரத்திலேயே மங்கி மடிந்தன என்பதையும், படிகத்தின் நுண்குறைகள் ஒளியை விழுங்கும் கருங்கோடுகளாக வளர்வதே அதற்குக் காரணம் என்று கண்டறிந்து களையப் பல ஆண்டுகள் ஆயின என்பதையும் வெற்றிக் கதைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அல்ஃபெரோவுக்கும் குரோமருக்கும் 2000ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்று ஒளி பிறக்கும் அடுக்கு 10 நானோமீட்டர் வரை மெலிந்து குவாண்டம் கிணறு என்ற பெயரைப் பெற்றுவிட்டது. தகவல் தொடர்புக்கான சிறு லேசர் ஒன்று சுமார் 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்திலேயே ஒளிரத் தொடங்கிவிடுகிறது.

இந்தியா இந்தத் துறைக்குத் தாமதமாக வரவில்லை. ஹாலின் லேசர் பிறந்து இரண்டே ஆண்டுகளில், 1964இல், டிராம்பேயில் உள்ள இன்றைய பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் காலியம் ஆர்சனைடு லேசர் செய்யப்பட்டது. அந்தப் பத்தாண்டிலேயே டிராம்பேக்கும் மும்பையின் தென்கோடியில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்துக்கும் இடையே, சுமார் 20 கிலோமீட்டர் திறந்தவெளியில் லேசர் ஒளி வழியே செய்தி அனுப்பிக் காட்டினர். ஆனால் திறந்தவெளியில் செல்லும் ஒளிக்கு மழையும் மூடுபனியும் பகை. கல்லாற்றுப் பகுதியைப் போல ஆண்டில் இரு பருவமழைகளையும் வாங்கும் இடத்துக்கு அது ஒருபோதும் உதவாது. ஒளியைக் கண்ணாடிக்குள் அடைத்துத்தான் கொண்டுவர வேண்டும். வளைந்த கண்ணாடி இழைக் கட்டின் வழியே உருவத்தையே கடத்திக் காட்டியவர்களுள் ஒருவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. தூய கண்ணாடி இழை தொலைபேசிக் கம்பிக்கு மாற்றாக முடியும் என்று 1966இல் நிறுவியவர் சார்லஸ் காவ். இந்தியத் தொலைபேசித் துறை தன் முதல் ஒளியிழை இணைப்பை 1979இல் புனே நகரின் இணைப்பகங்களுக்கு இடையே அமைத்தது.

இழை வந்ததும் லேசரின் நிறம் மாற வேண்டியதாயிற்று. கண்ணாடி எவ்வளவு தூயதாயினும் குறுகிய அலைநீளங்களை மிகுதியாகச் சிதறடிக்கிறது. முதல் லேசர்களின் 850 நானோமீட்டர் ஒளி ஒரு கிலோமீட்டருக்கு இரண்டரை டெசிபெல் அளவில் தேய்கிறது; 1310 நானோமீட்டரில் தேய்வு 0.35 டெசிபெல், 1550 நானோமீட்டரில் வெறும் 0.2 டெசிபெல். ஒவ்வொரு 10 டெசிபெலும் ஒளியைப் பத்தில் ஒரு பங்காக்கும் என்பதை நினைவில் கொண்டு, திருவனந்தபுரத்தில் செலுத்தப்படும் ஒளி வழியில் எங்கும் பெருக்கப்படாமல் 45 கிலோமீட்டர் கடந்து கல்லாற்றை அடைய வேண்டும் என்று கொண்டு கணக்கிட்டால், 1550 நானோமீட்டர் ஒளியில் எட்டில் ஒரு பங்கு வந்து சேரும். 850 நானோமீட்டர் ஒளியில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குகூட வந்து சேராது. எனவே காலியம் ஆர்சனைடை விட்டு, இண்டியம், காலியம், ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகிய நான்கு தனிமங்களை வேண்டிய விகிதத்தில் கலந்து இண்டியம் பாஸ்பைடு படிகத்தின் மீது வளர்க்கும் லேசர்கள் தோன்றின. விகிதத்தை மாற்றினால் இடைவெளி மாறும், இடைவெளி மாறினால் அலைநீளம் மாறும். நெடுந்தொலைவில் மற்றொரு சிக்கலும் உண்டு. இரு முகப்புகளை மட்டும் நம்பிய லேசர் சற்றே வேறுபட்ட பல அலைநீளங்களில் ஒருங்கே ஒளிரும். கண்ணாடியில் அவை வெவ்வேறு வேகத்தில் செல்வதால், கூர்மையாகப் புறப்பட்ட துடிப்பு பரந்து விரிந்து அடுத்த துடிப்போடு கலந்துவிடும். இதைத் தவிர்க்க, ஒளி பிறக்கும் அடுக்கை ஒட்டி ஏறத்தாழ 240 நானோமீட்டர் இடைவெளியில் நுண்ணிய வரிப்பள்ளங்களைப் படிகத்திலேயே பொறிக்கின்றனர்; அந்த இடைவெளிக்குப் பொருந்தும் ஒரே அலைநீளத்தை மட்டும் அவை திருப்பி அனுப்பி வளர்க்கின்றன.

வீடுகளுக்கு வரும் இழை இணைப்பில் இக்கருவிகள் வேலை செய்யும் முறை இன்னும் நுட்பமானது. இப்போது பரவலாக உள்ள ஜிபான் முறையில், இணைப்பகத்திலிருந்து புறப்படும் ஓர் இழை வழியில் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிகிறது. இணைப்பகத்தின் லேசர் 1490 நானோமீட்டரில் எல்லா வீடுகளுக்கும் ஒரே செய்தித் தொடரை அனுப்ப, ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் தனக்குரியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. திரும்பும் வழியில் அவ்வாறு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச முடியாது. ஆகையால் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் 1310 நானோமீட்டர் லேசர் தன் முறை வரும்வரை இருண்டு கிடந்து, முறை வந்ததும் நொடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கை ஒட்டிய நேரத்துக்குள் முழு ஒளிக்கு எழும்பி, பேசி முடித்து, மீண்டும் இருள வேண்டும். அது செலுத்துவது ஒன்றிலிருந்து மூன்று மில்லிவாட் வரையிலான ஒளி. அந்தப் பெட்டி பெற்றுப் புரிந்துகொள்ளக்கூடியதோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியது.

வெப்பம் இன்றும் பகைதான். இண்டியம் பாஸ்பைடு வகை லேசர்களின் தொடக்க மின்னோட்டம் வெப்பத்தோடு விரைந்து ஏறும் இயல்புடையது. 20 பாகை கூடினால் அது ஏறத்தாழ 40 விழுக்காடு மிகுந்துவிடும். காற்றோட்டமில்லாத பெட்டியில் நண்பகலில் லேசர் மங்கிவிடாமல் காக்கச் செய்த ஏற்பாடு சிக்கனமானது: படிகத்தின் பின்முகப்பு வழியே கசியும் ஒளியை அளக்கச் சிறு ஒளியுணரி ஒன்றை அங்கே வைத்து, அது காட்டும் அளவு குறையக் குறைய மின்னோட்டத்தை உயர்த்துமாறு சுற்றை அமைத்துவிடுகின்றனர்.

காட்டுச் சாலையில் பருவமழைக் காலத்தில் மரக்கிளை விழுந்து வடம் முறிவது எளிதில் நேரக்கூடியது. அப்போது வீட்டுப் பெட்டியில் எல்ஓஎஸ் என்று குறியிட்ட சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கும். ஒளி வரவில்லை என்பது அதன் பொருள். முறிந்த இடத்தைத் தேடிக் கிலோமீட்டர் கணக்கில் நடக்கத் தேவையில்லாமல் செய்வதும் டையோடு லேசரே. பழுதுபார்ப்போர் ஓடிடிஆர் என்று அழைக்கும் கருவி, இழையின் ஒரு முனையிலிருந்து குறுகிய லேசர் துடிப்பை அனுப்பி, முறிந்த முகப்பில் பட்டுத் திரும்பும் மெல்லிய எதிரொளிக்காகக் காத்திருக்கிறது. கண்ணாடியில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், விதுராவிலிருந்து அனுப்பிய துடிப்பு 60 மைக்ரோவிநாடியில் திரும்பினால் முறிவு ஆறாவது கிலோமீட்டரில் இருக்கிறது. அருகில் சென்ற பிறகு, கண்ணுக்குத் தெரியும் 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் பேனாவை இழையில் பொருத்தினால் ஒளி கசியும் இடம் சிவந்து காட்டும். ஓடிடிஆரின் ஒளியும் இணைப்பு ஒளியும் அவ்வாறு தெரிவதில்லை என்பதால், கழற்றிய இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய் ஒளி வருகிறதா என்று பார்ப்பது ஆபத்தானது. அகச்சிவப்புக்குக் கண் சிமிட்டித் தற்காத்துக்கொள்ளும் இயல்பு மனிதனுக்கு இல்லை.

கண்ணாடி இழையை இந்தியத் தொழிற்சாலைகள் உலகத் தரத்தில் இழுக்கின்றன, வடங்களைச் சுற்றுகின்றன, வீட்டுப் பெட்டிகளையும் பூட்டுகின்றன. ஆனால் அப்பெட்டியின் உயிராகிய லேசர் படிகம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை: இந்தூரின் ராஜா ராமண்ணா உயர்தொழில்நுட்ப மையமும் தில்லியில் உள்ள பாதுகாப்புத் துறையின் திண்மநிலை இயற்பியல் ஆய்வகமும் குவாண்டம் கிணறு லேசர்களை வளர்த்துக் காட்டியுள்ளன, 2008இல் சந்திரயான்-1 சுமந்து சென்ற நிலவுத் தொலைவளவிக் கருவியின் லேசர், டையோடு லேசர்களால் ஊட்டப்பட்டு இயங்கியதே. ஆய்வகத்தில் பத்து லேசர் செய்வதற்கும், ஒரே தகட்டில் ஆயிரக்கணக்கான லேசர்களை ஒன்றுபோல் வளர்த்து, பிளந்து, சோதித்து, சந்தை விலைக்குத் தருவதற்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்க முதலீடும் நிலையான கொள்முதலும் வேண்டும். 2021 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்த 76,000 கோடி ரூபாய் குறைகடத்தித் திட்டத்தில் கூட்டுக் குறைகடத்திகளுக்கும் இடம் தரப்பட்டுள்ளது. ஆனால் அதைச் சுற்றி எழுந்த பேச்சில் சிலிக்கான் சில்லுகள் பெற்ற கவனத்தில் சிறு பங்குகூட இண்டியம் பாஸ்பைடுக்குக் கிடைக்கவில்லை.